வாசிப்பவர் எந்தப் பதிப்பில் இருக்கிறார்?

(சம்மாந்துறையில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவு. பேச்சில் வந்த சில கிளைச் செய்திகளை விட்டு, அச்சுக்காகச் செப்பனிடப்பட்டது.)



அறக்கட்டளைப் பேச்சு என்றால் இலக்கியமோ வரலாறோ சமயமோ எதிர்பார்ப்பது வழக்கம். நான் எடுத்துக்கொண்டிருப்பது மென்பொருளுக்கு எழுதப்படும் கையேடு. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இருக்கிற ஊர் இது. இங்கே படித்து வெளியேறும் பிள்ளைகளில் பலர் நாளை மென்பொருள் எழுதுவார்கள். அதைவிடப் பலர், வேறு யாரோ எழுதிய மென்பொருளை அலுவலகங்களில் நிறுவி, பழுது பார்த்து, மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பார்கள். இரு சாராரும் தினமும் கையில் எடுக்கப்போவது கையேட்டைத்தான்.

கையேட்டை ஒருமுறை எழுதி முடித்துவிடும் வேலையாக நினைக்கிறோம். மென்பொருளோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு தடவை புதிய பதிப்பாக வெளிவருகிறது. புதியது வந்த அன்றே எல்லோரும் அதற்கு மாறிவிடுவதில்லை. ஓர் அலுவலகத்தில் நான்காம் பதிப்பு ஓடும், அடுத்த ஊரில் ஆறாம் பதிப்பு ஓடும். சிக்கல் வந்தால் இருவரும் தேடிப் போவது ஒரே கையேட்டை. அது யாருக்காக எழுதப்பட்டிருக்க வேண்டும்?

கையேட்டின் பதிப்பு, வாசிப்பவரின் கணினியில் ஓடும் பதிப்பாக இருக்க வேண்டும் என்பதே இன்று நான் சொல்ல வந்தது. எழுதுகிறவரின் மேசையில் இருக்கும் பதிப்புக்கு மட்டும் எழுதினால், மென்பொருளை ஆக்குகிறவர்களிடமிருந்து தூரத்தில் இருப்பவர்களே முதலில் கைவிடப்படுவார்கள். நாம் தூரத்தில் இருப்பவர்கள். ஆகவே இது நமக்கு உரிமைப் பிரச்சினையும்கூட.

எடுத்துக்காட்டுக்கு சஹானாவைச் சொல்கிறேன். நம் கரையின் துயரத்திலிருந்து பிறந்த மென்பொருள் அது. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஊருக்குள் வந்தபோது, இலங்கையில் வேறெந்த மாவட்டத்தையும்விட அதிக உயிர்களை இழந்தது அம்பாறை. மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று கரை நெடுக இழப்புத்தான். கரையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் சம்மாந்துறையின் பாடசாலைகளுக்கும் பள்ளிவாசல்களுக்கும் மக்கள் வந்து சேர்ந்தார்கள். யார் எந்த முகாமில் இருக்கிறார், யாரைக் காணவில்லை, எந்த நிறுவனம் எங்கே என்ன கொடுக்கிறது என்பதையெல்லாம் ஒரே இடத்தில் பதிய வேண்டியிருந்தது. கொழும்பில் லங்கா சொஃப்ட்வெயர் பவுண்டேஷனைச் சுற்றியிருந்த தன்னார்வலர்கள் சில வாரங்களுக்குள் அதற்கான மென்பொருளை எழுதினார்கள். காணாமற்போனோர் பதிவேடு, முகாம் பதிவேடு, நிறுவனங்களின் பதிவேடு, கோரிக்கைகளையும் உதவிகளையும் பொருத்தும் பகுதி ஆகியவை அதில் இருந்தன. மூலநிரலை யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று திறந்து வைத்தார்கள்.

2005இல் அதை அடியிலிருந்து திருப்பி எழுதினார்கள். அந்த ஆண்டு ஒக்டோபரில் பாகிஸ்தான் நிலநடுக்கத்துக்கும், 2006இல் பிலிப்பைன்சின் லெய்ட்டே மண்சரிவுக்கும், அதே ஆண்டு இந்தோனேசியாவின் யோக்யகார்த்தா நிலநடுக்கத்துக்கும் சஹானா பயன்பட்டது. 2006ஆம் ஆண்டுக்கான சமூகப் பயன் விருதை ஃப்ரீ சொஃப்ட்வெயர் பவுண்டேஷன் இதற்கு அளித்தது. பிறகு கிளை பிரிந்தது. முதலில் பிஎச்பி மொழியில் இருந்த மென்பொருள் ஒரு பக்கம். பைதன் மொழியில் புதிதாக எழுதப்பட்டு 2010 ஹெய்ட்டி நிலநடுக்கத்தில் களமிறங்கிய ஈடன் இன்னொரு பக்கம். நியூயோர்க் நகரின் புயல்காலத் திட்டத்துக்கு அகஸ்தி. வைத்தியசாலைகளையும் காணாமற்போனோர் தேடலையும் இணைக்க வெசூவியஸ். எல்லாவற்றுக்கும் முன்னால் நின்ற பெயர் சஹானா.

இதில் எனக்குப் பெருமை உண்டு. கையேட்டின் பக்கத்திலிருந்து பார்த்தால் கவலையும் உண்டு. 'சஹானாவை நிறுவுவது எப்படி' என்று தலைப்பிட்ட ஒரு பக்கம் உங்கள் கையில் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அது எந்த சஹானா? பழைய கிளைக்குரிய பக்கம் என்றால் பிஎச்பியும் மைஎஸ்கியூஎலும் கேட்கும். ஈடனுக்குரியது என்றால் வெப்டூபை என்ற பைதன் சட்டகத்தை முதலில் வைக்கச் சொல்லும். தவறான பக்கத்தைப் பிடித்தவர் ஒவ்வொரு படியையும் ஒழுங்காகச் செய்துகொண்டே போய், எங்கோ நடுவில் முட்டி நிற்பார். பிழை தன்னுடையது என்றுதான் நினைப்பார். அனர்த்தம் நடந்த மூன்றாம் நாள் இது நடந்தால் என்ன ஆகும் என்பதை இந்தச் சபைக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

1. பக்கத்தை அதன் பதிப்பு எண்ணிலிருந்து பிரிக்கக் கூடாது

புத்தகமாக இருந்த காலத்தில் அட்டையில் எண் இருந்தால் போதும். இன்று வாசகர் அட்டையைப் பார்ப்பதேயில்லை. தேடுபொறி அவரை நேரே நடுப்பக்கத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. ஆகவே ஒவ்வொரு பக்கமும் தன் பதிப்பைத் தானே சொல்ல வேண்டும்.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேடு இதை நன்றாகச் செய்கிறது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் தலைப்புக்கு மேலே, இப்போது ஆதரவில் உள்ள பதிப்புகளின் எண்கள் வரிசையாக நிற்கும். உங்கள் எண்ணைத் தொட்டால் அதே தலைப்பின் உங்களுக்குரிய பக்கம் வரும். முகப்புக்குத் திரும்பிப் போய் மறுபடி தேட வேண்டியதில்லை. பைதனின் பழைய பதிப்புக் கையேடுகளில் மேலே ஒரு பட்டை ஓடும். நீங்கள் வாசிப்பது ஆதரவு முடிந்த பதிப்பு, இன்றைய பக்கம் இங்கே இருக்கிறது என்று அது சொல்லும்.

இதன் மறுபாதி மென்பொருள் எழுதுகிறவர்களின் பொறுப்பு. வாசகருக்குத் தன் பதிப்பு எண் தெரியாது என்று வைத்துக்கொண்டே தொடங்க வேண்டும். ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் வளர்க்கப்படும் டிஎச்ஐஎஸ் 2 மென்பொருளை எடுத்துக்கொள்வோம். நம் சுகாதாரத் துறையின் பல தகவல் முறைமைகள் அதன்மேல் கட்டப்பட்டவை. 2020 ஜனவரியில், விமான நிலையம் வழியாக வருவோரிடம் கொவிட் தொற்றைக் கண்காணிக்க இலங்கையில் அதில் செய்த ஏற்பாட்டை வேறு நாடுகளும் பின்னர் எடுத்துக்கொண்டன. அதன் சேர்வரைப் புதுப்பிக்கும் முடிவை எடுப்பது நடுவில் இருக்கும் ஒரு சிறு குழு. சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில் தரவு பதிகிறவருக்கு, நேற்றிரவு பதிப்பு மாறியது தெரியாது. காலையில் திரை மாறியிருப்பது மட்டும் தெரியும். அவர் உதவிப் பொத்தானை அழுத்தினால், ஓடிக்கொண்டிருக்கும் அதே பதிப்பின் பக்கம் திறக்க வேண்டும். 'புதியது' என்ற பொது முகவரிக்கு அவரை அனுப்புவது, வேறொருவருடைய கையேட்டைக் கையில் கொடுத்துவிடுவதற்குச் சமம்.

2. மாற்றத்தை, மாறிய இடத்திலேயே எழுத வேண்டும்

புதிய பதிப்போடு ஒரு மாற்றப் பட்டியல் வெளியிடுவது வழக்கம். அது தேவைதான். ஆனால் அதை வரிவரியாக வாசிப்பவர்கள் குறைவு. வாசகர் நிற்பது, தனக்கு வேண்டிய ஒரு செயற்கூறின் விளக்கத்துக்கு முன்னால். மாற்றம் அங்கேயே குறிக்கப்பட்டிருக்க வேண்டும்.

ஒரு சிறு காட்சியைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். ஆய்வுகூடக் கணினியில் உபுண்டு 20.04 இயங்குதளம் இருக்கிறது. அதோடு வரும் பைதன் 3.8. மாணவி ஒருவர் பதிவிலக்கங்களின் முன்பகுதியை வெட்டி எடுக்க வேண்டும். இணையத்தில் தேடி, ரிமூவ்பிரிஃபிக்ஸ் என்ற செயற்கூறு இருப்பதைக் கண்டு, அப்படியே எழுதி ஓடவிடுகிறார். அப்படியொரு பண்பே கிடையாது என்று கணினி பதில் சொல்கிறது. எழுத்துப்பிழையோ என்று திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், பிழையே இல்லை. பைதன் கையேட்டில் அந்தச் செயற்கூறின் விளக்கத்துக்குக் கீழே ஒரு சிறிய வரி இருக்கிறது: 3.9ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. அந்த வரி கண்ணில் பட்டால் விடயம் அரை நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த விளக்கத்தை நகல் எடுத்துத் தன் குறிப்பில் போட்டவர் அந்த வரியை விட்டுவிட்டிருந்தால், ஒரு பிற்பகல் போய்விடும்.

பைதன் கையேடு 'சேர்க்கப்பட்டது', 'மாற்றப்பட்டது', 'கைவிடப்படவுள்ளது' என்ற மூன்று குறிகளை வைத்திருக்கிறது. ஸ்பிங்ஸ் என்ற ஆவணக் கருவி, 2008இல் ஜியார்க் பிராண்டல் வெளியிட்டது, இந்தக் குறிகளுக்குத் தனிக் கட்டளைகளையே கொடுக்கிறது. மூன்றில் எனக்கு அதிகம் மதிப்புக்குரியது கடைசிக் குறி. அது வரப்போவதை முன்கூட்டிச் சொல்கிறது. பழைய பதிப்பில் இருப்பவர் தன் வேலையைத் திட்டமிட அது ஒன்றுதான் வழி.

எந்தப் பதிப்புக்கு எது பொருந்தும் என்று கேட்டுச் சொல்வது இந்தப் பகுதியின் விவசாயிகளுக்குப் புதிதல்ல. பீஜீ 300 மூன்று மாத நெல், பீஜீ 352 மூன்றரை மாத நெல். பசளை போடும் நாட்கணக்கு இரண்டுக்கும் ஒன்றல்ல. இனத்தைக் கேட்காமல் நாள் சொல்கிற ஆலோசகரை வயலில் யாரும் நம்புவதில்லை.

3. பிழை எங்கே பிறந்தது என்று பார்த்துத்தான் திருத்த வேண்டும்

பல பதிப்புகளைப் பேணும் வேலையில் கடினமான இடம் இது. பேசப்படுவதும் குறைவு. அதனால் சற்று நின்று பார்க்கிறேன்.

இன்று பெரும்பாலான குழுக்கள் கையேட்டையும் மூலநிரலையும் கிட் போன்ற பதிப்புக் கட்டுப்பாட்டுக் கருவியில், ஒரே களஞ்சியத்தில் வைக்கின்றன. ஒவ்வொரு பதிப்புக்கும் ஒரு கிளை. நான்கு பதிப்புகள் ஆதரவில் இருந்தால், ஒரே பக்கம் நான்கு கிளைகளில் நான்கு பிரதிகளாக இருக்கும். வாசகர் ஒருவர் ஒரு பிழையைக் காட்டுகிறார். எழுதுகிறவர் தன் மேசையில் இருக்கும் புதிய கிளையில் திருத்துகிறார், நன்றி சொல்கிறார், அடுத்த வேலைக்குப் போகிறார். பிழையைக் காட்டியவர் இருப்பது பழைய பதிப்பில். அவர் மறுநாள் திறந்து பார்க்கும்போதும் பிழை அங்கேயே இருக்கிறது. அவர் இனி எதையும் சுட்டிக்காட்ட மாட்டார்.

திருத்தங்களை வகை பிரிக்கப் பழக வேண்டும். 'தரவுப் பிரதி ஒவ்வொரு நள்ளிரவும் தானாக எடுக்கப்படும்' என்று கையேடு சொல்கிறது, ஆனால் எந்தப் பதிப்பிலும் மென்பொருள் அப்படிச் செய்ததேயில்லை என்று வைத்துக்கொள்வோம். இது கையேட்டோடு கூடப் பிறந்த பிழை. இதை எல்லாக் கிளைகளிலும் திருத்தியாக வேண்டும், ஆதரவு முடிந்த கிளைகளிலும்கூட. அதை நம்பி இருப்பவர் ஒருநாள் தரவு முழுவதையும் இழப்பார். இதற்கு மாறாக, பிரதி எடுக்கும் பொத்தான் ஆறாம் பதிப்பில் வேறு பட்டிக்கு இடம் மாறியிருக்கிறது என்றால், அது மென்பொருள் மாறியதால் வந்த மாற்றம். ஆறிலும் அதற்குப் பிந்தியவற்றிலும் மட்டும் எழுத வேண்டும். ஐந்தில் எழுதினால் சரியாக இருந்த பக்கத்தை நாமே கெடுத்தவர்கள் ஆவோம். நல்ல எண்ணத்தோடு செய்யும் திருத்தமே பழைய கையேட்டைப் பாழாக்கும் இடம் இதுதான். மூன்றாவதாக, விடயம் சரி, விளக்கம் மங்கல் என்ற வகை. அதைத் தெளிவாக்கி எழுதியதைக் கடைசிப் பதிப்புக்கும் கொண்டுபோகலாம். அதற்கு முந்தியவற்றுக்கும் கொண்டுபோகக் குழுவில் ஆள் இருக்காது. அதில் குறை சொல்ல நான் முன்வர மாட்டேன்.

எந்தத் திசையில் திருத்துவது என்பதிலும் இரண்டு வழிகள் உண்டு. பிழை உள்ள மிகப் பழைய கிளையில் திருத்தி முன்னோக்கி இணைத்துக்கொண்டு வரலாம். அல்லது புதியதில் திருத்திவிட்டுப் பின்னோக்கி ஒவ்வொன்றாகப் பெயர்த்து வைக்கலாம். ஜாங்கோ என்ற பைதன் வலைச் சட்டகத்தின் குழுவினர் இரண்டாவது வழியில் போகிறார்கள்: முதன்மைக் கிளையில் திருத்தம், பிறகு கடைசியாக வெளியான பதிப்பின் கிளைக்கு அதன் நகல். மூலநிரலைப் பின்னோக்கிக் கொண்டுபோவதில் கண்டிப்பாக இருக்கிற அவர்கள், ஆவணத் திருத்தத்துக்குக் கையைத் தளர்த்திக் கொடுக்கிறார்கள். அது சரியான தீர்ப்பு. நிரலில் ஒரு வரியைப் பின்னோக்கி வைத்தால் ஓடிக்கொண்டிருப்பது நின்றுபோகலாம், கையேட்டின் வரியால் அந்த அபாயம் கிடையாது. எந்த வழியானாலும் திருத்துகிறவரே அதே அமர்வில் எந்தெந்தக் கிளைகள் என்று முடிவெடுத்துக் குறித்துவிட வேண்டும். 'பிறகு பார்ப்போம்' என்று விட்ட திருத்தம் பழைய கிளைக்குப் போய்ச் சேர்ந்ததை நான் கண்டது மிகக் குறைவு.

4. ஆதரவை நிறுத்தலாம், அழிக்கக் கூடாது

எல்லாப் பதிப்பையும் என்றென்றைக்கும் பேண யாராலும் முடியாது. டிஎச்ஐஎஸ் 2 கடைசி மூன்று பதிப்புகளை ஆதரிக்கிறது. போஸ்ட்கிரெஸ் ஒவ்வொரு பெரும்பதிப்பையும் ஐந்து ஆண்டுகள் பேணுகிறது. பைதன் 3, 2008 டிசம்பரில் வந்தது. பைதன் 2இன் ஆதரவு 2020 ஜனவரி 1ஆம் திகதிதான் முடிந்தது. பதினோர் ஆண்டுகள் இரண்டுக்கும் தனித்தனிக் கையேடு வைத்திருந்தார்கள். எல்லையை முன்கூட்டியே அறிவித்துவிட்டு அதில் நிற்பது நேர்மை.

பேணுவதை நிறுத்துவது வேறு, பக்கங்களைக் கழற்றி எறிவது வேறு. 1990களின் பைதன் கையேடுகள் இன்றும் அவர்களின் தளத்தில் கிடைக்கின்றன. எழுத்துக்கு இடம் அதிகம் தேவைப்படாது. பழைய பக்கங்கள் தேடலில் புதியவற்றை மறைத்துவிடும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். எது முதன்மைப் பக்கம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் ஒரு வரியைப் பக்கத்தின் தலைப்பகுதியில் வைத்தால் அந்த அச்சம் தீரும். பணம் இல்லாததால் பழைய பதிப்பிலேயே நிற்கிற அலுவலகத்துக்கு, அழிக்கப்பட்ட கையேட்டை வேறெங்கும் வாங்க முடியாது.

பேணுவதற்கு ஆள் வேண்டும் என்பதற்கு ஓர் எடுத்துக்காட்டு. 2011 ஒக்டோபரில் கூகிள் தன் கலிபோர்னியா வளாகத்துக்கு நான்கு திறந்தமூலக் குழுக்களை அழைத்து, ஒரு வாரத்துக்குள் ஆளுக்கொரு கையேட்டை எழுதி முடிக்கச் சொன்னது. கேடிஈ, ஓப்பன்எம்ஆர்எஸ், ஓப்பன்ஸ்ட்ரீட்மெப் ஆகியவற்றோடு நான்காவதாக அமர்ந்தது சஹானா ஈடன். ஒரே அறையில், ஒரே மூச்சில், அறிந்தவர்கள் சேர்ந்து எழுதியதால் அப்படியான புத்தகங்களுக்கு ஓர் ஒழுங்கும் ஓட்டமும் வந்துவிடுகிறது. ஈடனை அறிமுகம் செய்துகொள்ள அது நல்ல வாசல். ஆனால் அந்தப் புத்தகம் அந்த வாரத்தின் ஈடனுக்கு உரியது. நிரல் அதற்குப் பிறகும் மாறிக்கொண்டே போனது. எழுதும் வாரத்துக்கு ஆட்களையும் பணத்தையும் திரட்டுவது போல, அதற்கடுத்த ஆண்டுகளுக்கும் ஒருவரையாவது பெயர் சொல்லி அமர்த்தினால்தான் அந்த உழைப்பு வீண்போகாது. அறக்கட்டளைகள் உதவக்கூடிய இடம் இது என்று, இங்கே இருக்கும் அறக்கட்டளையினரிடம் வெளிப்படையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

5. தமிழ்க் கையேட்டுக்கு இரண்டு எண்கள் தேவை

தமிழில் கையேடு வேண்டும் என்று நாம் எல்லோரும் சொல்கிறோம். மொழிபெயர்த்தவுடன் பதிப்புச் சிக்கல் இரட்டிப்பாகிவிடுகிறது என்பதை யாரும் சொல்வதில்லை. மென்பொருள் எந்தப் பதிப்பு என்பது ஓர் எண். மொழிபெயர்ப்பு எந்த மூலப் பதிப்பிலிருந்து செய்யப்பட்டது என்பது இன்னோர் எண். இரண்டும் ஒத்துப்போகாத நாட்களே அதிகம்.

கெட்டெக்ஸ்ட் என்ற கருவி இதற்கு ஒரு தீர்வு வைத்திருக்கிறது. மூல வாக்கியம் ஒன்று, அதற்கடியில் மொழிபெயர்ப்பு ஒன்று என்று சோடி சோடியாக அதன் கோப்பு இருக்கும். புதிய பதிப்பில் மூல வாக்கியம் மாறினால், பழைய மொழிபெயர்ப்பை அது அழிக்காது; 'ஐயத்துக்குரியது' என்று மேலே ஒரு குறி போட்டு வைக்கும். யாராவது பார்த்துக் குறியை நீக்கும்வரை திரையில் ஆங்கிலமே தெரியும். பாதி தமிழ், பாதி ஆங்கிலமாகத் தெரிகிறதே என்று நம் ஆட்கள் எரிச்சலடைந்து, எல்லாக் குறிகளையும் ஒரேயடியாக நீக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது ஆபத்து. 'முகாமை மூடியபின் பதிவை நீக்கவும்' என்றிருந்த மூலம், புதிய பதிப்பில் 'நீக்க வேண்டாம்' என்று மாறியிருக்கலாம். தமிழில் பழைய கட்டளையே நிற்கும். தவறான தமிழைவிடச் சரியான ஆங்கிலம் மேல் என்று இந்த ஓர் இடத்தில் மட்டும் நான் சொல்வேன், தமிழ்ப் பற்றோடுதான் சொல்வேன்.

பைதன் கையேட்டின் மொழிபெயர்ப்புகளுக்கு 2017இல் ஒரு முறை வகுத்தார்கள். பக்கத்தின் முகவரியிலேயே மொழியும் பதிப்பும் சேர்ந்து வரும். மொழிபெயர்ப்புக் குழுக்களும் பதிப்புக்கொரு கிளை வைத்துக்கொள்கின்றன. உயர்தரத்தில் தகவல் தொழில்நுட்பப் பாடத்துக்குப் பைதனைத் தமிழ்வழியில் படிக்கும் பிள்ளைகள் நம் மாகாணம் முழுவதும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இந்த ஊரின் பீட மாணவர்கள் ஒரு வேலையைத் தொடங்கலாம். முழுக் கையேடும் வேண்டாம். பாடசாலைக் கணினிகளில் உண்மையில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று முதலில் போய்ப் பார்த்து வாருங்கள். பிறகு அந்தப் பதிப்பின் பயிற்சி நூலை மட்டும் எடுத்து, ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் இரண்டு எண்களையும் மொழிபெயர்த்த திகதியையும் எழுதி வெளியிடுங்கள். அடுத்த ஆண்டு மாணவர்கள் அந்த எண்களைப் பார்த்து, எங்கே விட்டதோ அங்கிருந்து தொடரட்டும்.